சென்னையில் ஸ்டாஃப் வேன், ஷட்டில் ஓட்டுநருக்கு என்ன கிடைக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மகாபலிபுரம் சாலையிலும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர்ப் பக்கங்களிலும் விடியற்காலை நான்கு மணிக்கே ஓடத் தொடங்கும் ஸ்டாஃப் வேன்களின் ஓட்டுநர்கள், அந்த வேலைக்கு வர நினைப்பவர்கள், அவர்கள் வீட்டில் இருப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. இதை எழுதுபவன் வண்டி ஓட்டியவன் அல்லன். ஒரு வாகன ஒப்பந்ததாரரின் அலுவலகத்தில் டிரிப் ஷீட் (ஒவ்வொரு ஓட்டத்தையும் குறிக்கும் தாள்) சரிபார்த்து மாதக் கணக்கு முடிக்கும் மேசையில் சில ஆண்டுகள் உட்கார்ந்தவன். ஓட்டுநருக்குப் பணம் எங்கே கூடுகிறது, எங்கே கரைகிறது என்பது அந்த மேசையிலிருந்து நன்றாகவே தெரியும்.

ஷட்டில் ஓட்டுநர் என்று இங்கே யாரைச் சொல்கிறோம்?

குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட வழியில், தெரிந்த ஆட்களையே ஏற்றி இறக்கும் வண்டியை ஓட்டுபவரை. ஐ.டி. நிறுவனத்தின் பிக்கப், டிராப் வண்டி, தொழிற்சாலையின் ஷிப்ட் பஸ், ரயில் நிலையத்திலிருந்து வளாக வாசல் வரை போய்வரும் வேன், விமான நிலையத்துக்கும் ஹோட்டலுக்கும் இடையே ஓடும் வண்டி ஆகியவை இதில் அடங்கும். செயலி வழியே சவாரி எடுக்கும் கால் டாக்ஸியின் கணக்கு முற்றிலும் வேறு என்பதால் அதை இங்கே சேர்க்கவில்லை.

மாதம் எவ்வளவு கிடைக்கும்?

ஒப்பந்ததாரரிடம் சேரும் ஓட்டுநரிடம் இப்போது பேசப்படும் தொகை, கார் அளவு வண்டிக்கு 17,000 முதல் 21,000 ரூபாய் வரையிலும், 12 முதல் 20 இருக்கை வேனுக்கு 19,000 முதல் 25,000 ரூபாய் வரையிலும் இருக்கும். கனரக உரிமம் வைத்துப் பெரிய பஸ் ஓட்டுபவருக்கு அதற்கு மேல் பேசலாம். இவை பேரத்தில் புழங்கும் தொகைகளே. அரசு வெளியிட்ட பட்டியல் அல்ல. ஆள் கிடைக்காத மாதத்தில் மேலேயும், வண்டிகள் சும்மா நிற்கும் மாதத்தில் கீழேயும் போகும்.

இந்தத் தொகையை மட்டும் வைத்து ஒரு வேலை நல்லதா, மோசமா என்று முடிவு செய்ய முடியாது. 20,000 சம்பளத்தில் இருப்பவர் 23,000 சம்பளத்தில் இருப்பவரை விட நன்றாக வாழ்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஓட்டும் நேரத்துக்கு எல்லா முதலாளிகளும் ஏறக்குறைய ஒரே விலைதான் தருகிறார்கள். ஓட்டாத நேரத்தையும், ஆள் இல்லாமல் ஓடும் கிலோமீட்டரையும் யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு முழுவதும் இருக்கிறது.

ஓட்டாத நேரம் என்றால் என்ன? ஒரு நாளை எடுத்துக் காட்ட முடியுமா?

மேடவாக்கத்தில் வண்டி ஹால்ட் (இரவில் வண்டி நிற்கும் இடம்), சிறுசேரி சிப்காட்டில் அலுவலகம், காலை 6 மணி ஷிப்ட் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் 4.05க்கு வண்டியை எடுக்கிறார். மடிப்பாக்கத்தில் 4.25க்கு முதல் பிக்கப். வேளச்சேரி, தரமணி வழியாக ஆட்களை ஏற்றிக்கொண்டு 5.40க்குச் சிறுசேரி வாசலில் இறக்கிவிடுகிறார். இரவு ஷிப்ட் முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு 6.15க்குக் கிளம்பி, கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக 7.30க்குத் தாம்பரம் வருகிறார். அதன்பின் பகல் 12.10 வரை வேலை இல்லை. 12.10க்குத் தாம்பரத்திலிருந்து மதிய ஷிப்ட் ஆட்களை ஏற்றி 1.40க்குச் சிறுசேரியில் விடுகிறார். காலையில் தான் கொண்டுபோய் விட்ட அதே ஆட்களை 2.20க்கு ஏற்றி, கடைசி ஆளை மடிப்பாக்கத்தில் இறக்கிவிட்டு, 4.15க்கு மேடவாக்கத்தில் வண்டியை நிறுத்துகிறார்.

ஸ்டியரிங்கைப் பிடித்த நேரத்தைக் கூட்டினால் 6 மணி 15 நிமிடம். வண்டியை எடுத்ததிலிருந்து விட்டது வரை 12 மணி 10 நிமிடம். இடையில் இருக்கும் 5 மணி 55 நிமிடம் யாருடையது? தாம்பரத்தில் புளியமர நிழலில் வண்டியை விட்டு, பின் சீட்டில் கால் நீட்டிப் படுத்திருக்கும் அந்த 4 மணி 40 நிமிடத்தில் அவர் பெரும்பாக்கத்தில் உள்ள வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது. சொந்தக் காசில் டீசல் போட்டுக்கொண்டு யார் போவார்? வேறு வேலையும் பார்க்க முடியாது. ஆனால் மாதக் கணக்கில் அந்த நேரம் தெரியாது. எங்கள் அலுவலக டிரிப் ஷீட்டில் தொடக்க கிலோமீட்டர், முடிவு கிலோமீட்டர், ஏற்றிய ஆட்கள், டோல், பார்க்கிங், கையெழுத்து என்று கட்டங்கள் உண்டு. காத்திருப்புக்குக் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாததற்கு நான் காசு போட்டதில்லை. அதை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

சட்டப்படி காத்திருப்பு வேலை நேரத்தில் சேருமா?

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம்தான் இந்தத் தொழிலுக்கு அடித்தளம் போட்டது. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் போக்குவரத்து நிறுவனங்களுக்கு அது பொருந்தியது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதபடி அரை மணி இடைவேளை. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குவதற்குள் தொடர்ச்சியாக 9 மணி நேர இடைவெளி. வேலையையும் ஓய்வையும் சேர்த்து நாளின் நீளம் 12 மணிக்கு மேல் போகக்கூடாது. ஒரு நாள் வேலையை இரண்டு துண்டுகளுக்கு மேல் வெட்டக்கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் என்றெல்லாம் அது வகுத்தது.

அந்தச் சட்டம் வேலை நேரத்துக்குத் தந்த விளக்கம் கூர்ந்து படிக்கத்தக்கது. தொழிலாளி முதலாளியின் ஏவலுக்குக் கட்டுப்பட்டிருக்கும் நேரம் வேலை நேரம் என்று அது தொடங்குகிறது. வண்டி ஓடும் நேரமும், கையெழுத்து, கணக்கு போன்ற துணை வேலைகளின் நேரமும் அதில் சேரும் என்கிறது. முனையங்களில் வெறுமனே காத்திருப்பதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் 15 நிமிடத்துக்குக் குறைவான காத்திருப்பு சேரும் என்று நிறுத்திக்கொள்கிறது. முதல் பாதியைப் பிடித்தால் ஓட்டுநர் பக்கம் நியாயம். கடைசி வரியைப் பிடித்தால் முதலாளிக்குச் சாதகம். வாசலில் 35 நிமிடம் நின்றதற்கு ஏன் காசு இல்லை என்று கேட்கும் ஓட்டுநரும், அதெல்லாம் ஓய்வு நேரம் என்று கைவிரிக்கும் சூப்பர்வைசரும் அறியாமலே இந்த ஒரு வரியைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மேலே காட்டிய நாளில் நீளம் 12 மணியைப் பத்து நிமிடம் தாண்டுகிறது. அதைவிட மோசம் ஷிப்ட் மாறும் வாரம்: இரவு 10 மணிக்கு விடும் ஷிப்டின் டிராப்பை முடித்து 11.45க்கு வண்டியை நிறுத்தியவரை மறுநாள் 4.05க்கே வரச்சொன்னால் இடைவெளி 4 மணி 20 நிமிடம்தான். விடியற்கால விபத்துகளுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது 1961ஆம் ஆண்டுச் சட்டமும் அவற்றில் அடங்கிவிட்டது. எட்டு மணி நேரம், கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு என்னும் அடிப்படைகள் தொகுப்பிலும் தொடர்கின்றன.

வண்டி ஹால்ட் எங்கே என்பது ஏன் இவ்வளவு முக்கியம்?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், புதிய ஆள் ஒருவருக்கு அலுவலக வாசலில் ஒரு மூத்த ஓட்டுநர் சொன்ன அறிவுரை இது: “சம்பளம் எவ்ளோன்னு அப்புறம் கேளு தம்பி. வண்டி ராத்திரி எங்க நிக்கும்னு மொதல்ல கேளு.” வண்டி ஓட்டுநரின் வீட்டருகே நின்றால் அவர் 4.05க்கு எழுந்த முகத்தோடு வண்டி எடுக்கலாம். பத்து கிலோமீட்டர் தள்ளி ஒப்பந்ததாரரின் ஷெட்டில் நின்றால், பஸ் ஓடாத அந்த நேரத்துக்குச் சொந்த பைக்கில் போக வேண்டும். மாதம் 2,000 ரூபாய் பெட்ரோலுக்கே போகும், தூக்கத்திலும் முக்கால் மணி போகும். நேர்காணலில் பேசிய 2,000 ரூபாய் உயர்வு அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

வீட்டருகே நிறுத்துவதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. தெருவில் நிற்கும் வண்டியில் ஸ்டெப்னி காணாமல் போனாலும் கண்ணாடி உடைந்தாலும் பொறுப்பு யாருடையது என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

குறைந்தபட்ச ஊதியம் எதுவும் உண்டா?

உண்டு. தமிழ்நாட்டில் பொது மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கு அரசு தனியாகக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்திருக்கிறது. அது அடிப்படை ஊதியம், அகவிலைப்படி என்னும் இரண்டு பகுதிகளால் ஆனது. அகவிலைப்படி சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டோடு இணைக்கப்பட்டு ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 அன்று மாறும். எனவே இரண்டு ஆண்டுகளாக ஒரே சம்பளத்தில் இருப்பவர், ஏப்ரல் மாதத்தில் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. சீட்டே தருவதில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

இரவு ஓட்டத்துக்குக் கூடுதல் பணம் கிடைக்குமா?

பேசினால் கிடைக்கும். இரவு பேட்டா, மாதத் தொகை, டிரிப்புக்கு இவ்வளவு என்று பல வடிவங்களில் தருகிறார்கள். எதுவும் தராமல் “ரொட்டேஷன்தானே, எல்லாருக்கும் வரும்” என்று சமாளிப்பவர்களும் உண்டு. இரவு 8 மணிக்கு மேல் வேலை செய்யும் பெண் ஊழியர்களுக்கு நிறுவனமே வாகன வசதி செய்து தர வேண்டும் என்பது மாநில அரசின் நிபந்தனை என்பதால், இந்த ஓட்டங்களுக்கான தேவை அவ்வளவு எளிதில் குறைவதில்லை. பெண் ஊழியர் கடைசியாக இறங்குபவராக இருந்தால் எஸ்கார்ட் (பாதுகாப்புக்கு வருபவர்) உடன் வருவார். அவரைத் திரும்பக் கொண்டுவந்து விடும் ஓட்டம் காலி ஓட்டமாகக் கணக்கிடப்படுகிறதா, டிரிப்பாகக் கணக்கிடப்படுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிரிப் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு இரவில் அரை மணி நேரம் இங்கேதான் போகிறது.

எந்த உரிமம் இருந்தால் சம்பளம் கூடும்?

இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர், 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியையும் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னதை, 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்தது. வேன்களில் பெரும்பாலானவை இந்த எடைக்குள் வந்துவிடும். அதன் விளைவாக இந்த வேலைக்கு வரத் தகுதி உள்ளவர்கள் பெருகினார்கள்; ஆள் பெருகினால் பேரம் பேசும் பலம் குறையும். ஆனாலும் பல ஒப்பந்ததாரர்கள் பேட்ஜ் (அந்தத் தனி அனுமதி) உள்ளவரையே இன்னமும் கேட்கிறார்கள், ஏனெனில் அவர்களுக்கு வேலை தரும் நிறுவனம் அதை ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கும்.

சம்பளத்தை உண்மையில் ஒரு படி ஏற்றுவது கனரக உரிமம்தான். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளின் 50 இருக்கை பஸ்களுக்கு ஆள் கிடைப்பது எப்போதும் கடினம்.

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தால் கையில் வருவது குறைகிறதே, வேண்டாம் என்று சொல்லலாமா?

பலரும் அப்படித்தான் கேட்கிறார்கள். ஒப்பந்ததாரர்களுக்கும் அது இனிக்கிறது. மொத்தச் சம்பளம் 20,000, அதில் பி.எஃப்.புக்கான ஊதியம் 15,000 என்றால், உங்கள் பங்காக 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் போகும். ஈ.எஸ்.ஐ.க்கு 20,000 ரூபாயில் 0.75 சதவீதம், அதாவது 150 ரூபாய். கையில் 18,050 வரும். முதலாளி தன் பங்காகப் பி.எஃப்.புக்கு இன்னொரு 12 சதவீதமும் ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதமும் கட்ட வேண்டும். வேண்டாம் என்று சொல்லும்போது உங்கள் பணத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு முதலாளியின் பணத்தைக் காப்பாற்றுகிறீர்கள்.

ஈ.எஸ்.ஐ.யை நான் ஒருபடி மேலாகவே வைப்பேன். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர்கள் அதில் வருவார்கள். ஓவர்டைம் தொகை அந்த வரம்பில் சேராது. குடும்பம் முழுவதற்கும் கே.கே. நகர், அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் சிகிச்சை உண்டு. நோயால் படுத்துவிட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். முதுகுத்தண்டு தேய்ந்து மாதக்கணக்கில் படுக்கும் தொழில் இது. பி.எஃப். கணக்கு உள்ளவர் பணிக்காலத்தில் இறந்தால், அதனோடு இணைந்த காப்பீட்டில் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் என்பதும் பலருக்குத் தெரியாது.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். “இருபதாயிரம்” என்று சொல்லிவிட்டு அதற்குள்ளேயே முதலாளி பங்கையும் அடக்கிக் கழிப்பவர்கள் உண்டு. பேசும்போதே, கையில் எவ்வளவு வரும் என்று ரூபாயில் கேளுங்கள்.

வண்டியில் கோடு விழுந்தாலும் அபராதம் வந்தாலும் சம்பளத்தில் பிடிக்கலாமா?

நினைத்தபடி பிடிக்க முடியாது. ஓட்டுநரின் கவனக்குறைவால் நேர்ந்த சேதத்துக்குப் பிடித்தம் செய்யலாம்; அதற்கு முன் அவர் தரப்பைக் கேட்டிருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் போடும் அபராதம், அந்த ஊதியக் காலத்துச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மொத்தப் பிடித்தங்களுக்கும் வரம்பு உண்டு.

நடைமுறையில், போக்குவரத்து போலீசின் இ-சலான் பெரும்பாலும் இரண்டு மாதம் கழித்து வண்டி உரிமையாளரின் பேருக்கு வருகிறது. அன்று அந்த வண்டியை யார் ஓட்டினார் என்பது டிரிப் ஷீட்டில் மட்டுமே இருக்கும். மூன்று ஓட்டுநர்கள் மாறி மாறி எடுக்கும் வண்டியில், இப்போது கையில் அகப்பட்டவர் தலையில் விழும். சீட் பெல்ட் போடாததற்கு 1,000 ரூபாய் என்பது ஏறக்குறைய ஒன்றரை நாள் சம்பளம்.

சொந்த வண்டி வாங்கி அட்டாச் செய்தால் (நிறுவன ஓட்டத்துக்கு வாடகைக்கு விட்டால்) அதிகம் மிஞ்சுமா?

இந்தக் கேள்விக்கு வாயால் விடை சொல்ல முடியாது, தாளை எடுத்துக் கணக்குப் போட வேண்டும். எடுத்துக்காட்டாக, 12 இருக்கை வேன், மாதம் மீட்டரில் ஓடுவது 3,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 300 லிட்டர் டீசல், லிட்டர் 92 ரூபாய் என்றால் 27,600. டியூ (வண்டிக் கடன் தவணை) 22,000. இன்சூரன்ஸ், சாலை வரி, எஃப்.சி. (தகுதிச் சான்று), பெர்மிட் ஆகியவற்றை மாதக் கணக்காக்கினால் 7,000. டயர், சர்வீஸ், சில்லறைப் பழுது 7,000. ஆக 63,600. நிறுவனத்திலிருந்து வரும் பில் 88,000 என்றால் கையில் நிற்பது 24,400. வண்டியை நீங்களே ஓட்டினால், 22,000 ரூபாய்க்கு அடுத்தவர் வண்டியை ஓட்டுவதை விட 2,400 ரூபாய் அதிகம். அந்த 2,400 ரூபாய்க்காகப் பத்து லட்சத்துக்கு மேல் கடனைத் தூக்கிச் சுமக்கிறீர்கள். ஆள் போட்டு ஓட்டினால் மிஞ்சுவது அந்த 2,400 தான். ஒரு கிளட்ச் பிளேட் போனால் அதுவும் இல்லை.

இப்போது காலி ஓட்டத்துக்கு வருவோம். பில்லுக்கு முதல் பிக்கப்பிலிருந்து அலுவலக வாசல் வரைதான் கணக்கு. டீசல் ஹால்ட்டிலிருந்தே எரிகிறது. மீட்டரில் 3,000 ஓடி, பில்லில் 2,500 மட்டும் ஏறினால், 500 கிலோமீட்டருக்கான 4,600 ரூபாய் டீசலை உரிமையாளர் தன் பையிலிருந்து போடுகிறார். ஷெட்டிலிருந்து ஷெட் வரை கணக்கிடும் ஒப்பந்தம், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் குறைவாக இருந்தாலும் பல நேரங்களில் லாபமானது.

பணம் வரும் நாள் இன்னொரு தலைவலி. பில் கொடுத்து 45 நாள், 60 நாள் கழித்தே பணம் வரும். டியூவோ 5ஆம் தேதி தவறாமல் கழியும். இந்த இடைவெளியை அடைக்க வட்டிக்கு வாங்குபவர் அட்டாச்மெண்ட் தொழிலில் கரை ஏறுவது அரிது. தனிநபர் ஒப்பந்தப் பணத்தில் 1 சதவீதம் வருமான வரியாகப் பிடிப்பார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர் கணக்குத் தாக்கல் செய்தால் அது திரும்பி வரும். பான் எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் 20 சதவீதமாகிவிடும். மூன்று வருடப் பிடித்தத்தைக் கேட்காமலே விட்டவர்களின் கோப்புகளை நானே அடுக்கி வைத்திருக்கிறேன்.

டியூ முடிந்த பிறகு கணக்கு மாறும். அந்த 22,000 ரூபாயும் உங்களுடையதாகும். ஆனால் ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டுக்கு மேல் பழைய வண்டி வேண்டாம் என்று பல நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் எழுதிவிடுகின்றன. டியூ முடிவதும் வண்டி கழிக்கப்படுவதும் கையைக் கோத்துக்கொண்டு வரும்.

டோலும் போக்குவரத்து நெரிசலும் ஓட்டுநரைப் பாதிக்குமா?

டோல், அட்டாச்மெண்ட் வண்டிக்காரரைப் பாதிக்கும். பழைய மகாபலிபுரம் சாலையில் பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், மேடவாக்கம் சாவடிகளில் 2021 ஆகஸ்டு இறுதியிலும், நாவலூரில் 2023 அக்டோபரிலும் வசூல் நின்றது பெரிய ஆறுதல். பரனூர், வானகரம், சூரப்பட்டு வழியாக ஓடுபவர்களுக்கு அந்த ஆறுதல் இல்லை. ரசீதை டிரிப் ஷீட்டோடு கோத்து அனுப்பினால் டோல் பணத்தைத் திருப்பித் தருவார்கள்; ஆனால் ஃபாஸ்டேக் வந்தபின் ரசீது என்று ஒன்று கையில் வருவதில்லை என்பதால் மாத ஸ்டேட்மெண்டை எடுத்து வைக்க வேண்டும்.

நெரிசல், டிரிப் கணக்கில் சம்பளம் வாங்குபவரைப் பாதிக்கும். மாதவரம்–சிறுசேரி மெட்ரோ ரயில் வேலைக்காகப் பழைய மகாபலிபுரம் சாலையின் நடுவே தடுப்புகள் வைக்கப்பட்டதிலிருந்து, மாலை நேரத்தில் மூன்று டிரிப் அடித்த இடத்தில் இரண்டுதான் முடிகிறது. மாதச் சம்பளக்காரருக்கு அதே நெரிசல் நாளின் நீளத்தைக் கூட்டுகிறது.

மழை, வெள்ளம், வீட்டிலிருந்து வேலை என்று ஓட்டம் நின்றால்?

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சில நாட்கள் வண்டிகள் அசையவில்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் நிறுத்தியிருந்த வண்டிகளின் என்ஜினுக்குள் தண்ணீர் போனது அதைவிடப் பெரிய அடி. மாதச் சம்பளம் என்று பேசியிருந்தாலும், “வண்டி ஓடிய நாளுக்குத்தான்” என்று அந்த மாதம் மட்டும் நாட்கணக்காக மாறிவிடுவது வழக்கமாகிவிட்டது.

2020இல் ஐ.டி. அலுவலகங்கள் மூடியபோது ஓட்டுநர்கள் காய்கறி வண்டிக்கும் பார்சல் வண்டிக்கும் போனார்கள். பலர் திரும்பி வரவில்லை. வாரத்தில் இரண்டு, மூன்று நாள் மட்டும் அலுவலகம் வரும் ஏற்பாடு இன்றும் பல இடங்களில் தொடர்வதால், திங்கள், வெள்ளிக்கிழமைகளில் ரூட் சுருங்குகிறது. மாதத்துக்குக் குறைந்தது இத்தனை நாள் அல்லது இத்தனை கிலோமீட்டர் பில் செய்யப்படும் என்ற உறுதி ஒப்பந்ததாரருக்கு இருக்கிறதா என்று விசாரியுங்கள். அவருக்கு இல்லாத உறுதியை அவர் உங்களுக்குத் தர முடியாது.

பள்ளி வேன், ஹோட்டல் வண்டி எப்படி?

பள்ளி வேனில் சம்பளம் குறைவு, நடுவில் நீண்ட இடைவெளி, மே மாதச் சம்பளம் பெரும்பாலும் கேள்விக்குறி. ஆனால் மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம், ஞாயிறு நிச்சயம். ஹோட்டல் வண்டியில் டிப்ஸ் உண்டு. அதை நம்பிச் சம்பளத்தைக் குறைத்துப் பேசுவார்கள், ஏமாறாதீர்கள்.

ஆக்டிங் டிரைவராக (அழைக்கும் நாளுக்கு மட்டும் ஓட்டுபவராக)ப் போனால் அதிகம் கிடைக்கிறதே?

எட்டு மணி நேரத்துக்கு 800, 1,000 ரூபாய் என்று கேட்க நன்றாக இருக்கும். மாதத்தில் எத்தனை நாள் அழைப்பு வரும் என்பதே கேள்வி. லீவு, ஈ.எஸ்.ஐ., போனஸ் எதுவும் கிடையாது.

மெட்ரோ நிலையங்களுக்கு ஓடும் சிற்றுந்து ஓட்டுநர்களும் இந்தக் கணக்கில் வருவார்களா?

வரமாட்டார்கள். மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2013 அக்டோபரில் தொடங்கிய சிற்றுந்துகளை ஓட்டுபவர்கள் கழகத்தின் ஊழியர்கள். அவர்களுக்குத் தொழிற்சங்கங்களோடு போடும் ஊதிய ஒப்பந்தம் உண்டு. ஆனால் அங்கேயும் காற்று மாறுகிறது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கிய மின்சாரப் பேருந்துகளில் நடத்துநர் கழகத்தைச் சேர்ந்தவர், ஓட்டுநர் ஒப்பந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர். ஒரே பேருந்தில் இரண்டு சம்பளச் சீட்டுகள்.

சம்பளம் தராமல் இழுத்தடித்தால் எங்கே போவது?

முதலில், நீங்கள் எந்த நிறுவனத்தின் ஆட்களை ஏற்றி இறக்குகிறீர்களோ அந்த நிறுவனத்தின் போக்குவரத்துப் பிரிவுக்கு எழுத்தில் சொல்லுங்கள். ஒப்பந்தத் தொழிலாளருக்கு ஒப்பந்ததாரர் ஊதியம் தரத் தவறினால் முதன்மை முதலாளி (வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட நிறுவனம்) தர வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் தொட்டே இருக்கும் பொறுப்பு. பெரிய நிறுவனங்கள் இந்த வார்த்தைக்கு அஞ்சும். அங்கே பலிக்காவிட்டால் தொழிலாளர் துறை. அதன் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் பதிவு செய்து வைப்பதும் நல்லது. சம்பளப் பிரச்சினையை அது தீர்க்காவிட்டாலும், பிள்ளைகளின் கல்வி உதவி, விபத்து நிவாரணம் போன்றவற்றுக்கு உதவும்.

எங்கே போனாலும் முதலில் கேட்பது சான்று. நியமனக் கடிதம் இந்தத் தொழிலில் பலரிடம் இருக்காது. டிரிப் ஷீட்டை மாதக் கடைசியில் அலுவலகம் வாங்கிக்கொள்ளும், பிறகு அது திரும்பி வராது. அதனால் ஒவ்வொரு நாளும் ஷீட்டைக் கொடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வண்டி எடுத்த நேரமும் விட்ட நேரமும் ஓரத்தில் உங்கள் கையெழுத்தில் இருக்கட்டும். அதற்கென்று கட்டம் இல்லாவிட்டாலும் எழுதுங்கள், ஓரத்தில் இடம் இருக்கும்.